பக்கத்து சீட்டு கோச் சொல்வது காதில் விழவில்லையா? டிராக் டே கேள்வி பதில்

இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டிலும் கோவை காரி ஸ்பீட்வேயிலும் டிராக் டேயில், அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவன் நான். கோச்சிங் பற்றி வந்த கேள்விகளில் பாதி, கார் இரைச்சலைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

என் போலோவில் ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் கம்பிக் கூண்டு) போட்டு, கார்பெட், பின்சீட்டு எல்லாம் கழற்றிவிட்டேன். கோச் கத்தினாலும் புரிவதில்லை. எந்த இன்டர்காம் வாங்கலாம்?

வயர் வைத்தது வாங்குங்கள். ரேலியில் ஓட்டுநரும் நேவிகேட்டரும் பேசிக்கொள்வது அதில்தான். பெல்டார், ஸ்டிலோ இரண்டுமே பெயர் பெற்றவை. ஆனால் பிளக் வேறு வேறு. அடாப்டர் இல்லாமல் ஒன்றோடொன்று சேராது. கோச்சின் ஹெல்மெட்டில் எந்த கிட் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். இன்டர்காம் பெட்டியை கேஜ் கம்பியில் இறுகக் கட்டுங்கள், டேப் வேண்டாம். வயர் கியர் லீவர் பக்கம் போகவே கூடாது.

பைக்குக்கு வாங்கிய புளூடூத் செட் போதாதா?

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்குப் போதும். உங்கள் காருக்குச் சிரமம். குரல் கேட்டால் மட்டும் மைக் திறக்கும் செட்டிங்கில், எக்ஸாஸ்ட் சத்தத்தையே பேச்சு என்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் முதல் எழுத்தை விழுங்கிவிடும்.

வயர் இன்டர்காம்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் காதில் வெறும் "கொர்ர்" சத்தம்.

மைக்கைத் தள்ளி வைத்திருப்பீர்கள். இரைச்சலைக் குறைக்கும் மைக்கில் முன்னும் பின்னும் துளை உண்டு. தூரத்து இரைச்சல் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் நுழைந்து ரத்தாகிவிடும். உதட்டருகே எழும் குரல் ஒரு பக்கம் மட்டும் பலமாக நுழையும். அதனால் மைக் உதட்டை உரச வேண்டும், சரியான பக்கம் வாயைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு இன்டர்காமைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

கோச் நீளமாக விளக்குகிறார். கேட்டு முடிப்பதற்குள் வளைவு போய்விடுகிறது.

தப்பு அவர் மேல்தான். 150 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 42 மீட்டர் ஓடுகிறீர்கள். ஐந்து நொடி வாக்கியம் என்றால் 200 மீட்டருக்கு மேல் காலி. ஓடும்போது ஒற்றைச் சொல் போதும், அதுவும் வளைவுக்கு முன்னாலேயே வர வேண்டும். விளக்கமெல்லாம் பிட்டில் (டிராக்கை ஒட்டி கார் நிறுத்தும் இடம்), இன்ஜினை அணைத்த பிறகு.

அந்தச் சொற்களைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். என் காரில் "பிடிக்காதே" என்ற சொல்லுக்கே இடமில்லை. இரைச்சலில் வால் அறுந்து "பிடி" என்று மட்டும் விழுந்தால், வளைவின் நடுவில் பிரேக் அடிப்பீர்கள், பின்பக்கம் சுழன்றுவிடும். அதற்குப் பதில் "விடு". அதேபோல "சரி" என்ற அர்த்தத்தில் "ரைட்டு" கூடாது. பஸ்ஸில் கண்டக்டர் சொல்லட்டும். இங்கே ரைட் என்றால் வலப்பக்கம் மட்டும்தான். நீங்களும் பதிலுக்குப் பேச வேண்டாம், தலையசைத்தால் போதும்.

இயர்பிளக் போட்டால் கோச் குரலும் அடைபடாதா?

இரைச்சலும் குரலும் சேர்ந்துதான் குறையும். வால்யூமை ஏற்றிக்கொண்டால் குரல் முன்பைவிடத் தெளிவாகவே இருக்கும். 100 டெசிபலை ஒரு நாளில் 15 நிமிடம்தான் தாங்கலாம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் கணக்கு. ஒரே செஷனில் அது தீர்ந்துவிடும். கட்டாயம் போடுங்கள்.

நடுவில் இன்டர்காம் செத்துவிட்டால்?

கை ஜாடை. டாஷ்போர்டுக்கு மேலே, உங்கள் ஓரக்கண்ணில் படும் உயரத்தில் கோச் கையை நீட்ட வேண்டும். நான் விரலை நீட்டினால் அங்கே பார். மூடிய முஷ்டி என்றால் பிரேக். உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் வேகத்தைக் குறை. ஒவ்வொரு கோச்சுக்கும் ஜாடை மாறும், அதனால் பிட்டிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிட்டுக்குள் போகும் ஜாடையை முதலில் கேளுங்கள்.

ஃபார்முலா காரில் ஒரு சீட்டுதானே, கோச் எங்கே உட்காருவார்?

உட்கார மாட்டார். முன்னால் அவர் வேறொரு காரில் போவார், அவர் போகும் லைனில் நீங்கள் பின்தொடர வேண்டும். மீதியை டேட்டாவும் வீடியோவும் பேசும்.