வேலியில் குன்றிமணி: வெட்டுவதா, விட்டுவைப்பதா?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “வேலியில் சிவப்பும் கறுப்புமாக விதை வைக்கும் கொடி படர்ந்திருக்கிறது. வாய்ப்புண் வந்தால் மாமியார் அதன் இலையை அரைத்துக் கொடுப்பார். நான்கு வயது மகள் விதைகளைக் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். நாங்களும் பள்ளியில் சாகா விதை பொறுக்கி விளையாடியவர்கள்தானே, இதில் ஆபத்து உண்டா?”

முதலில் அந்த மாலையைக் கழற்றிவிடுங்கள், சகோதரி. மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் பள்ளியில் பொறுக்கியது மஞ்சாடியாக இருக்கும். அது பெரிய மரம். விதை முழுக்கச் சிவப்பு. வேலியில் இருப்பது குன்றிமணிக் கொடி. விதை சிறியது, ஒரு முனை கறுப்பு. இங்கே இரண்டையுமே சாகா என்று சொல்லிவிடுகிறார்கள். பொன்னை இந்த விதைகளால் நிறுத்த நம் பத்தர்களுக்கு (பொற்கொல்லர்களுக்கு) அந்தக் குழப்பம் இல்லை: இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி.

குன்றிமணிப் பருப்பில் அப்ரின் என்ற கொடிய விஷப் புரதம் இருக்கிறது. உடலின் செல்கள் புரதம் செய்வதையே அது நிறுத்திவிடும். தோல் கெட்டியாக இருப்பதால், முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, ஊசியால் துளைத்த விதையை விழுங்கினாலோ கதை வேறு. நன்றாக மென்ற ஒரே விதைகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். மாலை வேண்டாம் என்றது இதனால்தான்.

வாயில் போட்டுவிட்டாள் என்று தெரிந்தால், ‘நன்றாகத்தானே விளையாடுகிறாள்’ என்று காத்திருக்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, ரத்தப்போக்கு எல்லாம் பல மணி நேரம் கழித்தும் தொடங்கும். சில சமயம் மறுநாள்கூட. முறிவு மருந்து கிடையாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், புளித்தண்ணீரும் வேண்டாம். மிச்ச விதையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய விஷ மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்டுக்கொள்வார்கள்.

மாமியாரின் வைத்தியம் ஆதாரமில்லாதது அல்ல. இலை இனிக்கும், வாய்ப்புண்ணுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் மலாய்க் கிராமங்களிலும் அதை மெல்வார்கள். விஷம் குவிந்திருப்பது விதையில். எனக்குப் பயம் மிக்சியைப் பற்றித்தான். காய்த்த கொடியில் இலை பறிக்கும்போது ஒரு விதை கலந்து அரைபட்டால் போதும். அதனால் அரைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலையும் வேண்டாம். சித்த மருத்துவத்தில் விதையை நச்சு நீக்கிச் சுத்திகரித்துதான் மருந்தில் சேர்ப்பார்கள். வீட்டு அடுப்பில் அதை முயல வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண் மருத்துவர்களே இந்த விதை ஊறிய நீரைக் கண்ணில் விட்டுப் பார்த்து, பிறகு கைவிட்டார்கள்.

சின்னப் பிள்ளை வளரும் வீட்டில் கொடியை வெட்டுவதே என் முடிவு. காய் வெடிப்பதற்கு முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். விழுந்த விதைகளைப் பொறுக்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கண் வைக்க நான்கைந்து வேண்டுமென்றால் மூடி இறுகிய போத்தலில் போட்டு உயரத்தில் வையுங்கள். பூசை முடிந்ததும் களிமண்ணிலிருந்து பெயர்த்து எடுக்க மறக்காதீர்கள்.