கூடலூர் 2090: கம்பெனிப் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் ஏன் ஓடுவதில்லை?

2090-இல் கூடலூர் மலைத் தோட்டத்துக் கம்பெனிப் பள்ளியில் நடக்கும் உங்கள் கதையில், பிள்ளைகள் ஏன் ஓடுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். மதிலும் காவல் டிரோனும் வேண்டாம், வீட்டை வைத்துக் கட்டிப்போடுங்கள். பெற்றோருக்கு வேலை போனால் லைன் வீடு (தோட்டக் கம்பெனி தரும் வரிசை வீடு) போகும், வீடு போனால் பள்ளியும் போகும். "மந்திரச் சில்லு பதித்த பிள்ளைகள் இரவோடு இரவாக ஓடிவிடலாமே" என்று நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் இதோடு சரியாகிவிடும்.

நகரத்துச் சிறையைத் தூக்கி மலையில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள்: தொழிலாளர்களின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், முதலாளியே கல்வி வசதி செய்துதர வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என்று அதில் இருந்தது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதே சட்டத்தில் இருந்தன. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். உங்கள் கம்பெனி அதையே நீட்டிக்கொண்டு போகட்டும்: சில்லு இலவசம், ஆனால் மந்திரம் அம்மாவின் வருகைப் பதிவோடுதான் புதுப்பிக்கப்படும். (வில்லன் சிரிக்கக்கூட வேண்டியதில்லை.)

ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். திங்கட்கிழமை மேஸ்திரி அம்மாவின் பெயரை வருகைப் பதிவிலிருந்து அடித்துவிடுகிறார். செவ்வாய் காலை மகளுக்குக் கரும்பலகையில் எழுத்தே தெரியவில்லை. அப்போதும் காவலாளி தேவைப்பட்டால் முடிச்சு இன்னும் இறுகவில்லை.

அப்புறம், நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர்களை மந்திரவாதிகளாகக் காட்டும் பழைய பழக்கத்தைத் தொடாதீர்கள். அவர்கள் பிள்ளைகளும் இதே வகுப்பில் உட்காரட்டும்.