பூங்கொத்துக் குச்சிக்கு வேர் வருமா?

கேள்வி: மகளின் திருமண வரவேற்புக்கு வந்த பூங்கொத்தில் 20 சிவப்பு ரோஜாக்கள். 9 நாள் ஜாடியில் வைத்திருந்தோம். இதழ் உதிர்ந்ததும், காணொளியில் பார்த்தபடி குச்சிகளை உருளைக்கிழங்கில் செருகித் தொட்டியில் நட்டேன். 3 வாரத்தில் கறுத்துவிட்டன. ஒன்றில் மட்டும் இன்னும் பச்சை தெரிகிறது. முளைக்கக் கூடாதென்று வியாபாரிகள் மருந்தில் முக்கித்தான் விற்கிறார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? மகள் வெளிநாடு போய்விட்டாள். அவள் நினைவாக ஒரு செடியாவது வேண்டும்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பழியை வியாபாரி மேல் போடாதீர்கள், அம்மா. ஜாடியில் கழிந்த 9 நாளும் அதற்குப் பிறகு வந்த உருளைக்கிழங்கும்தான் உங்கள் குச்சிகளைக் கொன்றவை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது முழுக் கற்பனையும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு ரோஜா, கார்னேஷன், சாமந்தி போன்ற கொய்மலர்களை அனுப்புகிறவர்கள், காம்புகளைக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக் கரைசலில் ஊறவைத்த பிறகே அனுப்ப வேண்டும். ஒரு குச்சி வேர்பிடித்தாலும் அதோடு வந்த நோய் தங்கள் மண்ணில் குடியேறிவிடும் என்று அந்நாட்டு அரசு அஞ்சுகிறது. ஓர் அரசாங்கமே அஞ்சி விதி போடுகிற அளவுக்குப் பூங்கொத்துக் குச்சியில் உயிர் இருக்கிறது! ஓசூரிலிருந்து நம்மூர்க் கடைக்கு வரும் ரோஜாவுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பூங்கொத்தோடு தருகிற சிறு பொட்டலத்தில் முக்கியமாக இருப்பதும் பூவுக்குச் சர்க்கரையும் தண்ணீரில் கிருமி பெருகாமலிருக்க ஒரு மருந்தும்தான்.

பிறகு ஏன் கறுத்தது? வெட்டிய குச்சி தன் கையிருப்பில் வாழ்கிறது. தண்டிலும் மொட்டிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் கரைத்துத்தான் மொட்டு விரிகிறது. வேருக்குப் போயிருக்க வேண்டியதை நீங்கள் ரசித்த பூ எடுத்துக்கொண்டது. வேர்விடத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் துளிரிலும் இளம் இலையிலும் உண்டாகி அடிவெட்டுக்கு இறங்க வேண்டும். கடையில் அடியிலைகளை உருவிவிடுகிறார்கள். மேலே இருந்ததும் 9 நாளில் வாடியிருக்கும். போதாததற்கு, ஜாடித் தண்ணீரில் பெருகும் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. இப்படி நொந்து கிடந்த குச்சியை ஈரக் கிழங்கில் செருகினீர்கள். கிழங்கு அழுகியது, அழுகல் குச்சிக்கும் ஏறியது. ரோஜாவை வேர்விட வைக்கும் சக்தி எதுவும் உருளைக்கிழங்கில் இல்லை. அந்தக் காணொளிகளைப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். செருகுவதைக் காட்டுகிறார்கள், அழுகியதைக் காட்டுவதில்லை.

பூங்கொத்து வந்த அன்றே முடிவு செய்திருக்க வேண்டும். 20 பூவில் 5 பூவை முதல் நாளே கத்தரித்து உருளித் தண்ணீரில் மிதக்க விடலாம், அழகு குறையாது. அந்த 5 குச்சிகளைப் பென்சில் கனத்தில், 4 கணு வருமாறு, சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு. மேலே ஓர் இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். உரக்கடையில் கிடைக்கும் ஐ.பி.ஏ. வேர்விடு தூளில் அடியைத் தொட்டு, ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி கலந்த தொட்டியில் 2 கணு உள்ளே போகும்படி நடுங்கள். எருவே வேண்டாம். அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் குச்சிகளின் மேல் கவிழ்த்து மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். 2 வாரத்தில் துளிர் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது பழைய கையிருப்பில் வந்த துளிர். வேர் வர 5 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்கவே கூடாது.

பிழைத்தாலும் பூங்கொத்தில் பார்த்த அதே பெரிய பூவை எதிர்பார்க்க வேண்டாம். பூங்கொத்துக்கான பசுமைக்குடில் ரோஜாவைப் பெரும்பாலும் வேறொரு வீரியமான ரோஜாவின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். தன் சொந்த வேரில், திறந்த வெயிலில், அது சற்று மெலிந்துதான் வளரும். பன்னீர் ரோஜாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது போத்திலேயே, அதாவது வெட்டிய குச்சியை நட்டாலே, எளிதாக வரும்.

பூங்கொத்தில் நாம் கவனிக்காமல் எறிகிற வேறு சில உண்டு. சாமந்திக் காம்பின் பக்கத்துளிர் 2, 3 வாரத்திலேயே வேர்விடும். மஞ்சள் கரை போட்ட ‘சாங் ஆஃப் இந்தியா’ இலைக்கொத்தைத் தண்டோடு தண்ணீரில் வைத்தாலே போதும். ஜெர்பராவும் சம்பங்கியும் மட்டும் வராது. அந்தப் பூந்தண்டுகளில் செடியாகத் தழைக்கிற மொட்டு இல்லை.

மிஞ்சிய அந்த ஒற்றைக் குச்சியைப் பாருங்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பழுப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். பச்சை தெரிந்து, கணுவும் கெட்டியாக இருந்தால், கிழங்கைத் தூர எறிந்துவிட்டு, கறுத்த அடியைப் பச்சை தெரியும்வரை வெட்டி, நான் சொன்ன மணலில் நடுங்கள். 10 குச்சியில் ஒன்று பிழைக்கிற நிலைமைதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்று மாலையே செய்துவிடுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம்.