நவம்பரில் பஸ்கா விருந்தா?

கேள்வி: மாமனார், மாமியாரோடு நவம்பரில் புனித நாடுகள் பயணம் போகிறோம். எருசலேமில் ஒரு நாள் இரவு "இயேசு உண்ட அதே பஸ்கா விருந்து" இருக்கிறது, அதற்குத் தலைக்கு 55 டாலர் தனி என்கிறார் ஏஜெண்ட். விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்காவைப் புசிக்கக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதே, நாம் சாப்பிடலாமா என்று மாமியார் பயப்படுகிறார். அந்த விருந்துக்கு என்னதான் அர்த்தம்? பணம் கட்டலாமா?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: கட்டாதீர்கள்.

காரணத்துக்கு வருகிறேன், அதற்கு முன் மாமியாரின் பயம். அவர் சொல்கிற வசனம் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது பலியிட்ட ஆட்டுக்குட்டியைப் பற்றியது. எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் இடித்துப்போட்டார்கள், அதோடு யூதர்களின் பஸ்கா பலியும் நின்றுபோனது. இன்று அவர்கள் வீட்டில் நடப்பது 'செடர்' என்கிற இரவு விருந்து. அந்த ஆட்டின் ஞாபகமாக ஒரு வறுத்த எலும்பு மட்டும் தட்டில் இருக்கும், அதையும் யாரும் தின்பதில்லை. எகிப்திலிருந்து முன்னோர்கள் விடுதலையான கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே "பசித்தவர்கள் எல்லாரும் வந்து சாப்பிடுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆகவே ஒரு யூதக் குடும்பம் கூப்பிட்டால் உங்கள் மாமியார் தாராளமாகப் போய் உட்காரலாம். ஒயின் ஆகாது என்றால் திராட்சைச் சாறு கேட்கலாம், அவர்களிலேயே பலர் அதைத்தான் குடிக்கிறார்கள்.

சரி, அர்த்தம். செடர் என்றால் எபிரேயத்தில் வரிசை, முறை. மொத்தம் 15 படிகள், அதில் சாப்பாடு 11ஆவதாகத்தான் வரும். அதுவரை வயிற்றில் ஈரத்துணிதான். எகிப்தில் அடிமையாக இருந்து தப்பித்து வந்த கதையை வாயால் சொல்வதோடு விடாமல் நாக்கிலும் வைத்துப் பார்ப்பதுதான் இதன் சூட்சுமம். உப்புத் தண்ணீரில் தோய்த்த பார்ஸ்லி தழை, அடிமைகளின் கண்ணீர். 'மாரோர்' என்கிற கசப்புக் கீரை, பட்ட பாட்டின் கசப்பு. ஆப்பிள் அல்லது பேரீச்சையை அக்ரூட்டோடு இடித்துப் பிசைந்த 'ஹரோசெட்' பார்க்கச் சேறு மாதிரியே இருக்கும், செங்கல் அடுக்கக் குழைத்த சாந்தாம், ஆனால் சாப்பிட அவ்வளவு ருசி. 'மட்ஸா' என்கிற புளிப்பில்லா அப்பம், மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பிய அவசரம். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அது வெந்து வெளியே வந்தாக வேண்டும். எகிப்தியர்மேல் கடவுள் வரப்பண்ணிய பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ஒயினைக் கோப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் விடுவார்கள். எதிரி பட்ட துன்பத்தை நினைத்து நம் சந்தோஷத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாக அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

இவ்வளவையும் நடத்துவது யார் தெரியுமா? வீட்டின் கடைக்குட்டி. "இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகள் மாதிரி இல்லை?" என்று அது கேட்க வேண்டும், பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். மூன்று மட்ஸாவில் நடுவில் உள்ளதை உடைத்துப் பெரிய துண்டை ஒளித்துவைப்பார்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, பரிசு தந்தால்தான் தருவோம் என்று பேரம் பேசுவார்கள், அந்தத் துண்டைச் சாப்பிடாமல் விருந்து முடியாது. பெரியவர்கள் தூங்கி விழுகிற நேரத்தில் எட்டு வயசுப் பொடியன் எழுந்து நின்று கணக்குப் பேசுவதைப் பார்க்க வேண்டுமே!

இப்போது உங்கள் ஏஜெண்ட். செடர் நினைத்த நாளில் வைக்கிற விருந்து அல்ல. யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 15ஆம் தேதி, பௌர்ணமி இரவு. 2026இல் அது ஏப்ரல் 1 மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை. நவம்பரில் ஓட்டல் ஹாலில் நாற்பது பேரை உட்காரவைத்து நடத்துவது, ஆடி மாதம் பொங்கல் பானை வைத்துக் காட்டுவது மாதிரிதான். "இயேசு உண்ட அதே" என்பது அடுத்த பொய். அந்தக் கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்து என்று மத்தேயு, மாற்கு, லூக்கா சொல்கிறார்கள், யோவானோ பஸ்காவுக்கு முன்பு என்கிறார். அது பஸ்காவாகவே இருக்கட்டும், இன்றைய செடரின் முறைகள் எழுத்தில் கிடைப்பது கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்கிற யூதச் சட்ட நூலில்தான். ஆலயம் இருந்த காலத்து மேசையில் ஆட்டிறைச்சி இருந்தது, இன்று எலும்புதான்.

இந்த ஏஜெண்ட்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆள் சேர்த்துக் கொடுக்கிற போதகருக்கு ஒரு டிக்கெட் இலவசம், அதனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். புனிதப் பயணத்துக்கான அரசு மானியத்துக்கு விண்ணப்பித்தால் நம்மிடம் சான்றிதழுக்கு மேல் சான்றிதழ் கேட்பார்கள், ஏஜெண்டின் நிகழ்ச்சி நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நாதி கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். யூதர்கள் பஸ்காவில் சோறே தொட மாட்டார்கள், தட்டில் சோறு இருந்தால் போலி என்று யாராவது சொல்வார்கள். அப்படி இல்லை. தடை கோதுமை, வாற்கோதுமை மாதிரி ஐந்து தானியங்களைப் புளிக்கவைத்ததற்குத்தான். ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசிகள் அதோடு அரிசியையும் பருப்பையும் சேர்த்து ஒதுக்கிவைத்தார்கள். ஈராக், ஏமன் பக்கத்தவர்கள் சாப்பிடுகிறார்கள், மொராக்கோவிலிருந்து வந்தவர்களில் பலர் பருப்பு வகைகள் சிலதைச் சாப்பிட்டாலும் அரிசியைத் தவிர்ப்பார்கள், ஒரே தெருவில் மூன்று வழக்கம். நான் எருசலேமில் படித்த காலத்தில் ஈராக் வழி வந்த ஒரு வீட்டில் செடருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாளே போய்விட்டேன். பாட்டி வெள்ளைத் துணியை விரித்து அரிசியைக் கொட்டி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மணி மணியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கோதுமை மணி ஒன்று கலந்திருந்தாலும் ஆகாதாம், அதனால் மூன்று தடவை பார்க்க வேண்டுமாம். நான் பழக்கதோஷத்தில் கல் பொறுக்கப் போனேன், "கல் இருந்தால் பரவாயில்லை!" என்று கையைத் தட்டிவிட்டார். ஆகவே சோற்றைப் பார்க்காதீர்கள், ரொட்டியைப் பாருங்கள். பஸ்கா என்று சொல்லிவிட்டு உப்பிய பிட்டா ரொட்டி பரிமாறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

கட்டாயம் கட்டத்தான் வேண்டும் என்று ஏஜெண்ட் அடம் பிடித்தால், அது மொத்தக் கட்டணத்தில் சேர்ந்ததா, சேராததா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு இறங்கி வந்துவிடுவார்.

மாமியாருக்கு மட்ஸா ருசி பார்க்க ஆசை என்றால் எருசலேமில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் வருஷம் முழுக்கக் கிடைக்கும். உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். ஊருக்கு வாங்கி வருவதானால் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். என்னுடையது வீடு வந்து சேர்ந்தபோது ரவையாகிவிட்டிருந்தது.