ஜர்னைல் நின்ற இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. 11 வயது மகன் சனி, ஞாயிறுகளில் அல்சூர் பக்கம் கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். பயிற்சியாளர் அவனைத் தொடர்ந்து பின்வரிசையிலேயே நிறுத்துகிறார். கோல் போட வாய்ப்பே வரவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுகிறான். பயிற்சியாளரிடம் பேசி முன்வரிசைக்கு மாற்றச் சொல்லலாமா?

அவன் பயிற்சி முடியும்வரை கௌதமபுரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே நாலைந்து பெருசுகள். வாராவாரம் ஒரே பேச்சு, அறுபதுகளில் இந்திய அணியின் பின்வரிசையில் ஆடிய ஜர்னைல் சிங். தலையில் அடிபட்டும் ஆடினார், அவர் மோதினால் எதிராளியைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இன்றைக்கு ஆடியிருந்தால் பத்து நிமிடத்தில் ரெட் கார்டு வாங்கியிருப்பார் என்றேன். ஒருவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் கண்டீரவாவில் பெங்களூரு எஃப்சி ஆட்டத்தைத் தவறவிடாதவன்தான். பழையதெல்லாம் பொன் என்று நினைக்கிற நோய்தானே இது?

ச.

அன்புள்ள ச.,

முதலில், எழுந்து போன அந்தப் பெரியவரிடம் அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

கொஞ்ச நாளாகவே நான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த விஷயம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் டீ குடிக்கிற கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா, அவர்களோடு பெலே. இந்த ஊர்த் தமிழர்கள் கால்பந்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக கோல் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். அந்த ஆட்டத்தில் இந்தியா 1-2 என்று தோற்றது, ஆனால் அந்த ஒரு கோலை கண்டோன்மென்ட் பக்கத்து வீடுகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பந்தைக் காலிலேயே ஒட்டவைத்து ஆடிய அகமது கான் இந்த ஊர். இடது விங்கில் பறந்த அருமைநாயகம் இந்த ஊர். எல்லாம் முன்வரிசை. நம் பெருமை முழுக்க முன்வரிசைதான். அப்படியிருக்க, இந்த ஊரின் வயதானவர்கள் ஒரு பஞ்சாபி ஸ்டாப்பரை, பின்வரிசை நடுவில் நின்று தடுப்பவரை, ஏன் இத்தனை வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? உங்களுக்கு அது நோயாகத் தெரிகிறது. எனக்கு அது ஆட்டத்தை அறிந்தவர்களின் நன்றிக்கடனாகத் தெரிகிறது.

கோல் போட்டவன் பெயர் பேப்பரில் வரும், நிமிடம் வரும், புள்ளிவிவரப் புத்தகத்தில் ஏறும். போடவிடாமல் தடுத்தவன் பெயர் எங்கே வரும்? நடக்காமல் போன கோலுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் பழைய டிஃபென்டர்கள் எல்லோருமே டீக்கடைகளில் வாழ்கிறார்கள். நீங்கள் கேலி செய்தது அவர்களுடைய ஒரே ஆவணத்தை.

ரெட் கார்டு விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970இல்தான். அவர் காலத்து விதிக்கு அவர் ஆடினார், இன்றைய விதியில் வளர்ந்திருந்தால் இதற்குத் தகுந்தபடி ஆடியிருப்பார். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். அந்தப் பெரியவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்று அவர் கொடுத்த அடி, இன்னொன்று அவர் வாங்கிய அடி. நீங்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடினீர்கள். இரண்டாவதைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. ஜர்னைலின் கதையே அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தர மறுத்தது. இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது, தூதரகத்தின் முன்னால் போய்க் கலாட்டா செய்தார்கள். அந்தச் சூழலில்தான் நம் பையன்கள் ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று தேறினார்கள். அந்தத் தொடக்கச் சுற்றில்தான் ஜர்னைலின் நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்குகிற ஏற்பாடு உலகக் கோப்பையிலேயே 1970 வரை கிடையாது. பந்து இன்று நீங்கள் கண்டீரவாவில் பார்க்கிற பந்து இல்லை. தோல் பந்து, ஈரம் குடித்தால் கல்லாகக் கனக்கும். ஸ்டாப்பரின் வேலையில் பாதி, உயரே வருகிற பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவது. தையல் போட்ட நெற்றியோடு அதை எப்படிச் செய்வது? வேறு யாராக இருந்தாலும் ஹோட்டல் அறையில் படுக்க வைத்திருப்பார்கள். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் என்ன செய்தார் தெரியுமா? பின்னால் அருண் கோஷை நிறுத்திவிட்டு ஜர்னைலை சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார். கட்டுப் போட்ட தலையோடு ஒரு டிஃபென்டர் கோல் போடப் போகிறார். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக 3-2, அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. செப்டம்பர் 4, இறுதிப் போட்டி, மறுபடியும் தென்கொரியா. அரங்கத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர், பெரும்பாலோர் நமக்கு எதிராகக் கத்துகிறார்கள். பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள் நமக்காகக் குரல் கொடுத்தார்கள் என்று அந்த ஆட்டக்காரர்கள் கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 17ஆம் நிமிடம் பி.கே. பானர்ஜி. 20ஆம் நிமிடம் ஜர்னைல். 85ஆம் நிமிடத்தில் கொரியா ஒன்று போட்டது. 2-1. தங்கம்.

அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துத் தங்கம் நமக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ரஹீம் சாகிப் அடுத்த வருடமே புற்றுநோயில் போய்விட்டார்.

அந்த அணியில் நம் அருமைநாயகம் இருந்தார். கோல் கம்பத்தில் தங்கராஜ் நின்றார். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பலராம் இருந்தார். தமிழ் காதில் விழுந்த அணிதான் அது. ஆனால் டீக்கடையில் ஏன் ஜர்னைல் பேர் முதலில் வருகிறது? அவரோடு கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் ஆடிய விங்கர் அருமைநாயகத்தை நாம் மைதானத்திலிருந்து வீடுவரை தோளில் தூக்கிக் கொண்டாடினோம் என்றால், பின்னால் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அந்த விங்கர் முன்னால் ஓடினார் என்பது ஆடினவர்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவர்களில் பலர் மண் மைதானத்தில் பின்வரிசையில் ஆடியவர்களாக இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

என் தாய்மாமா ஒருவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறதே, அந்தப் படை. கல்கத்தாவில் வில்லியம் கோட்டையில் கொஞ்ச காலம் வேலை. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மைதானம், மோகன் பகான் ஆட்டம். விடுமுறை கிடைத்தால் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துப் போய்விடுவாராம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று மர்பி டவுனுக்கு வந்த பிறகு சாயங்காலங்களில் எங்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். எங்கள் தெரு ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் திறந்த சாக்கடை. நான் பந்தோடு ஓடி வரவேண்டும், அவர் நிற்பார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து நிற்கமாட்டார். ஒரு தோளை முன்னால் விட்டு, ஒருக்களித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்பார். பார்வை பந்து மேலேயே இருக்கும், என் காலைப் பார்க்கமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார். சுவர்ப் பக்கம் அடைத்திருக்கும், சாக்கடைப் பக்கம் திறந்திருக்கும். எனக்கு அந்த வழி தாராளமாகத் தெரியும். பாய்வேன். அவர் என்னைத் தொடவே மாட்டார், கூடவே இரண்டு எட்டு நகர்வார், மூன்றாவது எட்டில் எனக்கு இடமே இருக்காது. பந்து சாக்கடையில். “ஜர்னைல் இப்படித்தான்டா நிப்பாரு. மோதறது கடைசி. அதுக்கு முன்னாடி பத்து வேலை இருக்கு” என்பார்.

முரட்டு ஆட்டம் என்று நீங்கள் நினைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! நல்ல ஸ்டாப்பர் முதலில் எதிராளிக்குப் பிடிக்காத காலுக்குப் பந்தைத் தள்ளுவார். பிறகு கோட்டோரம் ஒதுக்குவார். அப்போதெல்லாம் பந்து தட்டப்படும்போது ஃபார்வர்ட் கடைசி டிஃபென்டருக்கு நேராக நின்றாலே ஆஃப்சைடு என்று விசில் ஊதி நிறுத்திவிடுவார்கள், 1990இல்தான் அந்த விதி தளர்ந்தது. அதனால் ஓர் அடி முன்னால் நகர்ந்தே ஃபார்வர்டை முடக்கலாம், அந்தக் கணக்கையும் மனதில் வைத்திருக்கவேண்டும். இதெல்லாம் தவறினால்தான் உடம்பைக் கொடுத்து மோதுவது. அந்த மோதலுக்கு மட்டும்தான் கூட்டம் கத்தும், அதனால் அது மட்டும் கதையாக மிஞ்சியது. டீக்கடையில் சிரிப்பது அந்தக் கதைக்கு. ஆனால் நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து “எப்படி நிற்பார்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த நாலைந்து பேரில் யாராவது ஒருவர் கண்டிப்பாக எழுந்து ஒருக்களித்து நின்று காட்டியிருப்பார். கையில் போன் வைத்திருக்கிறீர்கள். கோல் போட்டவர்களின் படங்களைப் பகிர்கிறீர்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய ஒருமுறைகூடத் தோன்றவில்லையா? அவர்களுக்கெல்லாம் என்ன வயது இருக்கும் என்று யோசித்தீர்களா? எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஜர்னைல் பிறந்தது 1936இல், இப்போது பாகிஸ்தானில் இருக்கிற லயால்பூர் பக்கம். பிரிவினையில் குடும்பம் ஊரை விட்டு ஹோஷியார்பூர் மாவட்டத்துக்கு வந்தபோது அவருக்கு உங்கள் மகன் வயது. அந்தச் சாலைகளில் அந்த வயதுப் பையன் என்னென்ன பார்த்திருப்பான் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. மாஹில்பூர் கல்லூரி மைதானத்தில் ஆடி, கல்கத்தா போய், 1959 முதல் பத்து வருடம் மோகன் பகானுக்கு ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சை 1-1 என்று மடக்கிய அணியில் இருந்தார். 1964இல் அர்ஜுனா விருது, பிறகு இந்தியாவின் கேப்டன். 2000இல் கனடாவில் வான்கூவரில் காலமானார். அவர் போன செய்தி வந்த அன்று மாமா டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை சாப்பிடக் கூப்பிட்டதற்கு அன்றைக்கு அவர் வரவில்லை.

கண்டீரவா ஆட்டம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். 2016இல் ஆசிய கிளப்களுக்கான ஏஎஃப்சி கோப்பைப் போட்டியின் இறுதிவரை போன முதல் இந்திய கிளப் நம் ஊர் கிளப் என்பதில் எனக்கும் பெருமைதான். அங்கே ஆட்டம் பார்க்கும்போது ஒரு பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு நம் சென்டர் பேக், அதாவது அந்தக் காலத்து ஸ்டாப்பர், ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது அவர் எங்கே நகர்கிறார், யாரைப் பார்த்துக் கை காட்டுகிறார், எப்போது திரும்பிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். வேறு ஆட்டம் ஒன்று உள்ளே நடப்பது தெரியும்.

சரி, உங்கள் மகன். பயிற்சியாளரிடம் பேசாதீர்கள். 11 வயதில் யாருக்கும் இடம் நிரந்தரம் இல்லை, ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த பையனைத்தான் நல்ல பயிற்சியாளர் பின்னால் நிறுத்துவார். முன்னால் நின்று கோல் போடவேண்டிய நாள் வந்தால் டிஃபென்டர் என்ன நினைப்பான் என்று தெரிந்தவனுக்கு அது சுலபம். பயிற்சி நேரத்தில் மைதானத்தில் நில்லுங்கள், டீயை அப்புறம் குடிக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை கோல் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த ஏழாம் நம்பர் பையனை எந்தப் பக்கம் தள்ளினாய் என்று கேளுங்கள். அவன் அழுவது கோல் போடாததற்காகவா, அப்பா பார்க்காததற்காகவா என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள்.