மின்னூல் விலை குறையட்டும், எல்லா இடத்திலும் கிடைக்கட்டும்: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு பதிலுக்கு நடுவே, "மின்னூலாக வாங்கிப் படியுங்கள், மலிவாக இருக்கும்" என்று எழுதியிருந்தேன். எங்கே மலிவு, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டுத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி. கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கடையில் 300 ரூபாய் போட்ட நாவல் மின்னூலாக 270 ரூபாய். காகிதம் இல்லை, பைண்டிங் இல்லை, கூரியர் இல்லை. அப்புறம் எதற்கு இந்த விலை?
(வாசகி, திருநெல்வேலி)

முதலில் பதிப்பாளர் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்துக்கு ஆகும் செலவு எல்லாமே காகிதச் செலவு இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் வடிவமைப்பவர், அட்டை ஓவியர், மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர், இவர்களுக்கெல்லாம் அச்சு நூலோ மின்னூலோ கூலி ஒன்றுதான். வரியும் சேருகிறது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு உண்டு. 2018 ஜூலையில் அதை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், ஆனால் அச்சுப் பதிப்பும் உள்ள நூல்களுக்குத்தான் அந்தக் குறைப்பு. மின்னூலாக மட்டுமே வெளியாகும் நூலுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. அரசு கவனிக்க வேண்டிய விஷயம் இது. அச்சுப் போட வசதியில்லாமல் நேரடியாக மின்னூலாகக் கொண்டுவரும் புது எழுத்தாளர்தான் இதில் அடிபடுகிறார்.

சரி, இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் 270 ரூபாய் நியாயமான விலை இல்லை என்றுதான் நான் சொல்வேன். 300 ரூபாய் அச்சு நூலில் கடைக்காரருக்கு 30, 40 சதவீதம் கழிவு போய்விடும். எழுத்தாளருக்கு வழக்கமான பத்து சதவீதம், அதாவது 30 ரூபாய். மிச்சத்தில்தான் காகிதம், அச்சு, கிடங்கு வாடகை, விற்காமல் திரும்பி வந்து மூலையில் கிடக்கும் பிரதிகள் எல்லாம் அடக்கம். அதே நாவலை அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 100 ரூபாய்க்குப் போட்டு, விலையில் 70 சதவீதத்தை ராயல்டியாகத் தரும் திட்டத்தில் சேர்த்தால் பதிப்பாளர் கைக்கு எழுபது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். அதை எழுத்தாளரும் அவரும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டால்கூட எழுத்தாளருக்கு அச்சு நூலில் கிடைத்த 30 ரூபாய் குறையாது. வாசகருக்கு 200 ரூபாய் மிச்சம்.

பிறகு ஏன் குறைக்கத் தயங்குகிறார்கள் என்றால், பயம். மின்னூல் மலிவாகக் கிடைத்தால் அச்சு நூல் விற்காது, அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணை வருமா வராதா என்று தெரியாத நிலையில் கையில் இருக்கும் ஆயிரம் பிரதியும் தேங்கிவிடும் என்கிற பயம். எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பாளர் இதை வாய்விட்டே சொன்னார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, கடன் வாங்கி அச்சுப் போடுகிறவர் அவர். ஆனால் 270 ரூபாய் மின்னூலைப் பார்த்துவிட்டு வாசகர் கடைக்குப் போய் அச்சு நூல் வாங்குவார் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவர் இரண்டையுமே வாங்குவதில்லை. என் கணக்கில், அச்சு விலையில் பாதிக்கு மேல் எந்த மின்னூலுக்கும் விலை வைக்கக் கூடாது. ஐந்து வருடம் பழசாகிவிட்ட நூல் என்றால் 99 ரூபாய் போதும்.

ஒரு எழுத்தாளரின் மின்னூல் ஒரே ஒரு செயலியில்தான் இருக்கிறது. நான் வேறு தளத்தில் படிக்கிறவன். ஏன் எல்லா இடத்திலும் விற்க மாட்டேன் என்கிறார்கள்?
(வாசகர், துபாய்)

மேலே சொன்ன 70 சதவீதத்தில்தான் முடிச்சு இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு அந்த 70 சதவீதம் வேண்டும் என்றால், நூலை அமேசானின் பிரத்யேகத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, எழுத்தாளரின் சொந்த வலைத்தளத்தில்கூட. முடிந்ததும் தானாகவே இன்னொரு 90 நாள், நாமாகப் போய் நிறுத்துகிற வரைக்கும். சேராவிட்டால் 35 சதவீதம்தான். வருமானத்தில் பாதியை விட்டுக்கொடுத்து மற்ற கடைகளுக்குப் போ என்று ஒரு எழுத்தாளரிடம் எப்படிச் சொல்வது? 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் வந்த பிறகுதான் பலருடைய கைக்கு மின்னூல் காசு என்று ஒன்று வந்தது, அதையும் மறக்கக் கூடாது.

ஆனாலும் ஒரே கடையை நம்பியிருப்பதில் வாசகருக்கு ஆபத்து உண்டு. நாம் பணம் கொடுத்து வாங்குவது புத்தகம் இல்லை, படிக்கும் அனுமதி. 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை ஏற்கெனவே வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்து அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் காலையில் எழுந்து பார்த்தவர் சாதனத்தில் புத்தகம் இல்லை. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலை அமேசான் தளத்திலிருந்து கணினியில் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே பதிப்பாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: முதல் 90 நாள் அந்தத் திட்டத்தில் விற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் வெளியே வந்து உங்கள் தளத்திலேயே, நகலெடுக்க விடாத பூட்டு எதுவும் இல்லாத இபப் (epub) என்ற மின்னூல் கோப்பாக விற்றுப் பாருங்கள். யூபிஐயில் 80 ரூபாய் அனுப்பினால் மின்னஞ்சலில் கோப்பு வந்துவிட வேண்டும், அவ்வளவு எளிமையாக இருந்தால் போதும்.

நண்பர்கள் டெலிகிராமில் புதுப் புத்தகங்களின் பிடிஎஃப் அனுப்புகிறார்கள். கையில் காசு இல்லாத மாணவன் நான். படிப்பது தப்பா?
(கல்லூரி மாணவர், கோவில்பட்டி)

தம்பி, தப்புதான். காசில்லாமல் படிக்க ஆசைப்படுவதைச் சொல்லவில்லை, அதில் எந்தத் தப்பும் இல்லை. உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருடைய போன வருடப் புத்தகத்தை யாரோ பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்புவதைத்தான் தப்பு என்கிறேன். அவருக்கு ஒரு பிரதிக்குக் கிடைப்பதே இருபது முப்பது ரூபாய்.

காசே கொடுக்காமல், யாருக்கும் தெரியாமல் ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் நீங்கள் படிக்க ஒரு மலையே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து ஏற்றியிருக்கிறார்கள். 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே, யாரும் இலவசமாகப் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்த நூல்கள் கிடைக்கின்றன, அதுவும் மின்னூல் கருவிகளின் ஆறங்குலத் திரைக்கென்றே தனியாகச் செய்த பிடிஎஃப் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். அதற்கு முன்பே தமிழக அரசு குடும்பத்தினருக்குத் தொகை கொடுத்து, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் பட்டியலும் நீளமானது. 1949-ல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கிய வழக்கம் அது. கல்கி இருக்கிறார், புதுமைப்பித்தன் இருக்கிறார். முதலில் இவர்களைப் படியுங்கள். கையில் நூறு ரூபாய் சேரும்போது புது எழுத்தாளர் ஒருவரை வாங்குங்கள்.

எண்பதுகளில், தொண்ணூறுகளில் வந்த நல்ல நூல்கள் பல அச்சிலும் இல்லை, மின்னூலாகவும் இல்லை. கணினியில் செய்த புத்தகங்கள்தானே, அப்படியே ஏற்றிவிடக் கூடாதா?
(வாசகர், தஞ்சாவூர்)

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பதிப்பக அலுவலகத்தில், அங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பீரோவிலிருந்து பழைய சிடி ஒன்றைத் துடைத்து எடுத்து, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். பக்கம் அழகாகத் தமிழில் வந்தது. அதிலிருந்து "தமிழ்" என்ற ஒரே சொல்லை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினார். வந்தது என்ன தெரியுமா? ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்தக் காலத்து பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியவை. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று சொல்லும் குறியேற்றமும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டதே 2010-ல்தான்.

மாற்றி தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஆனால் பழைய முறையில் கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால் என்று மூன்றாக அடித்திருப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில் வர வேண்டும். மாற்றும்போது எங்காவது ஒரு கொம்பு தனியாக அந்தரத்தில் நிற்கும், வரி முடிவில் ஒடித்த சொல் நடுவே கோடு விழுந்து கிடக்கும். 300 பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. சிடியே இல்லாத நூல்களுக்கு ஸ்கேன் செய்து, படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி மென்பொருள் வழியாக எடுக்கலாம், அதற்கும் மெய்ப்பு உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் எத்தனை பேர் ஊர் ஊராக இருக்கிறார்கள்! ஆளுக்கு ஒரு நூல் பார்த்துக்கொடுத்தால் ஒரு மாவட்டத்திலேயே எத்தனை நூல் மீண்டுவிடும். மதுரைத் திட்டம் இப்படித்தான் வளர்ந்தது.

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறேன். தமிழ் மின்னூல் என்று சொல்லி விற்கும் பிடிஎஃப்களில் பாதி வெறும் படம். அது வாசிப்பதே இல்லை.
(ஆசிரியர், மதுரை)

உங்கள் கடிதத்தை எல்லாப் பதிப்பாளரும் படிக்க வேண்டும் என்றுதான் இங்கே போடுகிறேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக்கொள்ள அனுமதி தந்தார்கள். பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல்களுக்கு வழிசெய்யும் சர்வதேச ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் முதன்முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். 2016-ல் பார்வையற்றோருக்கான சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது, உறுப்பினராகச் சேர்ந்து பாருங்கள். ஆனால் சட்டம் இருந்தும் கோப்பு இல்லாவிட்டால் என்ன பயன்? பதிப்பாளர்கள் புது நூலின் யூனிகோடு கோப்பை இந்த நூலகங்களுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை.

தமிழ்நாட்டுப் புத்தகங்கள் இங்கே கப்பல் செலவும் ஏறி எட்டாத விலைக்கு வருகின்றன. மின்னூல் வாங்கலாம் என்றால் கடன் அட்டை இல்லை.
(வாசகர், யாழ்ப்பாணம்)

யூபிஐ என்று மேலே எழுதும்போதே உங்கள் நினைவு வந்தது, அது உங்களுக்கு உதவாது. இங்குள்ள பதிப்பகங்கள் இலங்கையில் ஒரு புத்தகக் கடையோடு ஏற்பாடு செய்து, கடையில் பணம் கட்டினால் இறக்கிக்கொள்ளும் குறியீடு ஒன்று தரலாம். தொலைபேசிக்கு ரீலோட் செய்வது போலத்தான். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம்.

ஈழத்து நூல்களைப் பொறுத்தவரை நாங்கள்தான் உங்களிடம் கற்க வேண்டும். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன மண்ணிலிருந்து, 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம் நூல், இதழ், துண்டறிக்கை, பள்ளி மலர், இறந்தவர் நினைவு மலர் என்று எதையும் விடாமல் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது.

எங்கள் கிளை நூலகத்தில் புது நாவலை மின்னூலாக இரவல் தர முடியாதா?
(வாசகி, கரூர்)

முடியும், தர வேண்டும். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் செயலியில் உறுப்பினர்கள் தமிழ் மின்னூலை வீட்டிலிருந்தே இரவல் எடுக்கிறார்கள், தவணை முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடுகிறது, ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும் என்பதால் பதிப்பாளருக்கும் பயமில்லை. நம் நூலகத் துறை அச்சுப் பிரதிகளுக்கு ஆணை கொடுக்கும்போதே, அதே நூலின் மின்பிரதி இருபதுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டால், சிறு பதிப்பாளருக்கு முதல் கேள்வியில் சொன்ன பயமும் பாதி தீரும். துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்கள் வாசகர் வட்டத்தின் கையெழுத்தோடு. நானும் எழுதுகிறேன்.

எனக்கு 71 வயது. போனில் நாவல் படிக்க முடியுமா? தனிக் கருவி வாங்க வேண்டுமா?
(வாசகி, காரைக்குடி)

வாங்க வேண்டாம் அம்மா, இருக்கும் போனே போதும். பிடிஎஃப் மட்டும் வேண்டாம், அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இபப் கோப்பாக எடுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கி வரும். மேலே சொன்ன இலவசத் தளங்களிலிருந்து கல்கியின் நாவல் ஒன்றை இறக்கித் தரச் சொல்லி, எழுத்தளவை எங்கே மாற்றுவது என்று மட்டும் பேரப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.