மஞ்சள் ஜெர்சியில் சிங்கம் போடலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் டோர்னமென்டுக்கு சிஎஸ்கே சின்னம், தோனி பெயர் போட்டு 60 ஜெர்சி கேட்கிறார்கள். நாகர்கோவில் ஏஜென்ட் ஒருவர் 12,000 ரூபாய்க்கு 'ஐபிஎல் லைசென்ஸ்' எடுத்துத் தருகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அந்த ஒரு ஜெர்சியில் மூன்று பேருடைய சொத்து இருக்கிறது. சிங்கம் சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்துடையது. கைப்பக்கம் ஐபிஎல் சின்னம் வைத்தால் அது கிரிக்கெட் வாரியத்துடையது. முதுகில் இருக்கும் பெயர் தோனியுடையது. பிரபலத்தின் பெயரைச் சம்மதமில்லாமல் வியாபாரத்துக்கு எடுத்தால் தடை வரும் என்பதை 2015இல் ரஜினிகாந்த் வழக்கிலேயே சென்னை உயர் நீதிமன்றம் காட்டிவிட்டது. மூன்று பேர் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியதை நாகர்கோவில் வடசேரியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படிக் கொடுப்பார்? நான் பார்த்தவரை இவர்கள் தருவது நோட்டரி முத்திரை குத்திய தாள். அதை ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது.

'கொஞ்சம் மாத்திப் போட்டா கேஸ் வராது' என்பதையும் நம்பாதீர்கள். குளச்சல்காரர் ஒருவர் என் மேசையில் ஜெர்சியை விரித்து, "சிங்கத்தைத் திருப்பிப் போட்டிருக்கேன் சார், மீசையும் குறைச்சாச்சு" என்றார். பக்கத்தில் நின்ற என் குமாஸ்தா பார்த்ததும் "சிஎஸ்கேயா?" என்று கேட்டார். முடிந்தது கதை. 1999ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டம் பார்ப்பது அந்தக் குழப்பத்தைத்தான். டீமுக்குத்தானே என்றும் தப்ப முடியாது. அச்சடிக்கக் கூலி வாங்குகிறீர்களே. போலிச் சின்னம் போட்டது நிரூபணமானால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

'ரெய்டு' என்று வந்து கடையிலேயே பணம் கேட்கிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வாரண்டு இல்லாமல் பறிமுதல் செய்ய டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன் வர்த்தகச் சின்னப் பதிவாளரின் கருத்தையும் வாங்கியிருக்க வேண்டும்.

மஞ்சள் துணி போடலாம். முதுகில் 7 போடலாம். மஞ்சளும் 7 என்ற எண்ணும் மட்டும் இருந்தால் பொதுவாக வம்பு வராது. அதோடு 'தோனி' என்ற பெயரும் சேர்ந்தால் வம்பு. ஆகவே 7க்கு மேலே விளையாடுகிற பையனின் பெயரைப் போடுங்கள். நெஞ்சில் ஊர் கிளப்பின் பெயர் இருக்கட்டும்.

அந்தக் கிளப் பெயரையே வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். விண்ணப்பத்தில் ஆயத்த ஆடைக்கு உரிய பிரிவு 25ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்கு. ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும்! தமிழ்நாட்டுக்கான பதிவகம் கிண்டியில் இருந்தும் தமிழில் எழுதிக் கொடுக்க வழியில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

சின்னத்தை டீம் பையன்களையே வரையச் சொல்லுங்கள். வரைந்த தாளில் தேதியும் கையெழுத்தும் வாங்கி, அவர்களே வரைந்தது என்பதற்குச் சான்றாகப் பில் புத்தகத்தோடு வையுங்கள்.